சரம் பின்னுகிறவளுக்கு என்ன நிறம்

சிவகாசியில் நான் வேலை பார்த்து ஓய்வு பெற்ற அச்சகத்தின் டிசைன் பிரிவிலிருந்து இரண்டு பெண்கள் போன மாதம் வீட்டுக்கு வந்திருந்தார்கள். ஒருத்திக்குக் கல்யாணம்; பத்திரிகை கொடுக்க வந்தார்கள். காப்பி குடித்துக்கொண்டே அவள் போனை நீட்டி ஒரு படத்தைக் காட்டினாள். பட்டாசுப் பெட்டிக்கான படம். 'பழைய லேபிள் மாதிரி, பட்டாசுத் தொழிலாளிப் பெண்' என்று கம்ப்யூட்டரிடம் கேட்டார்களாம். அதுவே போட்டுக் கொடுத்துவிட்டதாம். நல்ல படம்தான். பட்டுச் சேலை, உதட்டுச் சாயம், முகத்தில் பௌர்ணமி வெளிச்சம். ஒரு கையில் சரவெடி. மறு கையில் எரிகிற அகல்விளக்கு.

"ஏம்மா, சரத்துக்குப் பக்கத்துல விளக்கைக் கொண்டுபோறாளே, ஷெட்டுல இருந்த மத்தவளுக எல்லாம் எங்க ஓடிட்டாளுக?" என்றேன். இரண்டு பேரும் சிரித்துவிட்டார்கள். கல்யாணப் பெண் கேட்டாள்:

"உங்க காலத்துல வேலை செய்யுற பொம்பளைகளை நெசமாவே பாத்து வரைஞ்சிருக்கீகளா மேடம்? இல்ல, எல்லாம் சினிமாக்காரி மூஞ்சிதானா?"

அன்று அவர்களுக்கு நாலு வார்த்தையில் பதில் சொல்லி அனுப்பினேன். மிச்சத்தை இங்கே எழுதுகிறேன்.

எனக்கு ஊர் ஆமத்தூர். டிராயிங் பரீட்சை லோயர், ஹையர் இரண்டும் பாஸ் செய்துவிட்டு டீச்சர் வேலைக்குக் காத்திருந்தேன். அதுவரை சும்மா இருப்பானேன் என்று அச்சகத்தின் ஆர்ட் பிரிவில் சேர்ந்தேன். டீச்சர் வேலை வரவே இல்லை. அந்தப் பிரிவில் நான் ஒருத்திதான் பெண். முதல் சில வருஷங்கள் எழுத்துக்குக் கரை கட்டுவதிலும், கிளிக்கும் மயிலுக்கும் இறகு போடுவதிலும் போயின. ஆள் முகம் வரைய என்னை விடவில்லை.

எங்கள் பிரிவுக்குத் தலைவர் சங்கரலிங்கம். எல்லாருக்கும் அவர் மாஸ்டர். முழுக்கை வெள்ளைச் சட்டைதான் போடுவார். அதில் ஒரு சொட்டுக் கலர் பட்டு நான் பார்த்ததில்லை. ஒரு படத்தை நன்றாக இருக்கிறது என்றோ இல்லை என்றோ சொல்லவே மாட்டார். நாம் வரைந்ததைத் தரையில் சுவரோடு சாய்த்து வைத்துவிட்டு வாசல்படி வரை நடந்துபோய்த் திரும்பி நிற்பார். கொஞ்ச நேரம் பார்ப்பார். பிறகு அந்தப் படத்தில் இருக்கிற ஆளைப் பற்றி, அடுத்த வீட்டுக்காரியைப் பற்றி விசாரிக்கிற மாதிரி ஒரு கேள்வி கேட்பார். "இந்தப் பிள்ளை எங்க கிளம்பிட்டா?" என்பார். "காலைல சாப்பிட்டாளா?" என்பார். பதில் சொல்ல முடியவில்லை என்றால் படம் சரியில்லை என்று நாமே புரிந்துகொள்ள வேண்டும்.

அப்போது லேபிளிலும் காலண்டரிலும் வேலை செய்கிற பெண்களுக்குப் பஞ்சமில்லை. டீத்தூள் பாக்கெட்டில் கொழுந்து பறிக்கிறவள், தையல் மெஷின் விளம்பரத்தில் தைக்கிறவள், தீப்பெட்டியில் தண்ணீர்க்குடம் சுமக்கிறவள், டைப் அடிக்கிறவள், போன் பேசுகிறவள். எல்லாருக்கும் ஒரே முகம். ரோஸ் கலர் கன்னம், காது வரை நீண்ட கண், எங்கேயோ பார்க்கிற பார்வை. கொழுந்து பறிக்கிறவளின் கை கொழுந்து மேல் படாது. குடம் சுமக்கிறவளின் இடுப்பில் ஒரு சொட்டு ஈரம் இருக்காது.

எனக்கு முதலில் கிடைத்த முகம் ஒரு நர்ஸ். தீப்பெட்டி லேபிள். வழக்கமான முகத்துக்கு ஒரு வெள்ளைத் தொப்பியை வைத்துக் கொடுத்தேன். மாஸ்டர் வாசலில் நின்று பார்த்தார்.

"இவ ஊசி போட்டா வலிக்குமா, வலிக்காதாம்மா?"

மறுநாள் பஸ் ஏறி விருதுநகர் பெரியாஸ்பத்திரிக்குப் போனேன். பெண்கள் வார்டின் ஓரமாக நின்று ஒரு நர்ஸம்மாவையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் நடக்கும்போது கை வீசவே இல்லை. எப்போதும் கையில் ஏதாவது இருந்தது. ஒரு கிழவிக்கு ஊசி போடுவதற்கு முன்னால், அந்தக் கையைத் தூக்கித் தன் முழங்கை மடிப்பில் இடுக்கிக்கொண்டு, "எத்தனை பேரன் பேத்தி உங்களுக்கு?" என்று கேட்டார். கிழவி எண்ணி முடிப்பதற்குள் ஊசி போட்டாகிவிட்டது. திரும்பி வந்து அந்த முழங்கையை வரைந்தேன். மாஸ்டர் பார்த்துவிட்டு ஒன்றும் கேட்கவில்லை. படத்தை எடுத்து, அச்சுக்குப் பிலிம் எடுக்கிற கேமரா அறைக்கு அனுப்பிவிட்டார். அவரிடம் பாராட்டு என்றால் அதுதான்.

அதற்கப்புறம் வந்ததுதான் சரவெடி லேபிள்.

அச்சங்குளம் பக்கம் பட்டாசுக் கம்பெனி வைத்திருந்த ஒரு முதலாளி எங்களுக்குப் பழைய வாடிக்கை. அந்த வருஷ சீசனுக்கு சரவெடிப் பாக்கெட்டுக்குப் புது லேபிள் கேட்டு வந்தார். "எல்லாப் பயலும் நடிகை மாதிரியே போடுதான். நமக்குப் புதுசா இருக்கணும் மாஸ்டர். வேலை பாக்குற பொம்பளையாப் போடுங்க. ஏரோப்ளேன்ல சாப்பாடு குடுக்கிறாகளே, அந்த மாதிரி."

மாஸ்டர் கேட்டார்: "அண்ணாச்சி, உங்க சரத்தை யாரு பின்னுதா?"

"நம்ம ஷெட்டுப் பொம்பளைகதான்."

"அவுகள்ல ஒருத்தியப் போடுவோமா?"

முதலாளி முதலில் கேலி என்று நினைத்துச் சிரித்தார். மாஸ்டர் சிரிக்காததைப் பார்த்துக் கொஞ்சம் யோசித்தார். "அழகா வந்தாப் பாப்போம்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

கம்பெனிக்கு என்னை அனுப்பினார்கள். கேட்டில் வாட்ச்மேன் என் பையைக் கொட்டிப் பார்த்துவிட்டு, பென்சில் சீவும் பிளேடைக்கூட வாங்கி வைத்துக்கொண்டார். செருப்பையும் அங்கேயே விடச் சொன்னார். ஷெட்டுக்குள் இத்தனை பேர்தான் என்று கணக்கு உண்டு. எனக்கு உள்ளே இடமில்லை. வெளியே வேப்பமரத்தடியில் உட்கார்ந்து திறந்த கதவு வழியாகப் பார்த்து வரைந்தேன்.

என்னைக் கண்டதும் பெண்கள் முந்தானையை இழுத்து முகத்தை மூடிக்கொண்டு சிரித்தார்கள். கதவோரத்தில் முகத்தில் வெயில் விழ உட்கார்ந்திருந்த ஒருத்தி மட்டும் திரும்பவே இல்லை. கால் கட்டைவிரலில் நூலை மாட்டி இழுத்துப் பிடித்துக்கொண்டு, இந்தப் பக்கம் ஒரு வெடி, அந்தப் பக்கம் ஒரு வெடி என்று திரிகளைச் சேர்த்துப் பின்னிக்கொண்டிருந்தாள். பூக்கட்டுகிற வேகம். பார்வை நூலில் இல்லை; விரல்களே பார்த்துக்கொண்டன.

பெயர் பேச்சியம்மாள். முப்பது வயது இருக்கலாம். புருஷன் இல்லை. ஒரே மகள் செல்வி விருதுநகரில் விடுதியில் தங்கிப் படித்துக்கொண்டிருந்தாள்.

"உங்களை வரையட்டுமா?"

"வரைஞ்சுக்கோங்க. நான் கையை நிறுத்த மாட்டேன், பாத்துக்கோங்க."

மத்தியானச் சாப்பாட்டுக்கு மணி அடித்ததும் வெளியே வந்து என் பலகையை எட்டிப் பார்த்தாள்.

"இது யாரு?"

"நீங்கதான்."

"நானா? எங்க ஊருப் பொட்டிக்கடைக் காலண்டர்ல தொங்குறவள்ல இவ?"

சுற்றி நின்றவர்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது. இத்தனை வருஷம் ஒரே முகத்தைப் பார்த்துப் பழகிய கை, அவளுடைய அகலமான மூக்கைத் தானாகவே சின்னதாக்கியிருந்தது. அழித்துவிட்டு மறுபடி தொடங்கினேன். அன்று போதவில்லை. இன்னும் சில தடவை போனேன்.

போகப்போகத்தான் ஒன்று கண்ணில் பட்டது. நான் எந்தப் பக்கம் உட்கார்ந்தாலும் அவள் வலது பக்க முகத்தையே எனக்குக் காட்டினாள். ஒருநாள் தண்ணீர் குடிக்கத் தலையைச் சாய்த்தபோது இடது தாடையிலிருந்து கழுத்து வரை இழுத்துச் சுருங்கிய பழைய தீக்காயத்தைப் பார்த்தேன். நான் பார்த்ததை அவளும் பார்த்தாள். சொம்பைக் கீழே வைத்தாள்.

"இதுக்கப்புறம் நான் போட்டோவே எடுத்துக்கிடல. மக காதுகுத்துக்கு எல்லாரும் நின்னாக. நான் சமைக்கப் போறேன்னு உள்ள போயிட்டேன்."

தழும்பை மறைத்து வரைந்தால் பொய் என்று தோன்றியது. மாஸ்டரிடம் சொன்னேன். "அதை நீயும் நானும் பேசி என்னம்மா ஆகப்போகுது? அந்தப் பிள்ளைகிட்டயே கேளு" என்றார்.

போய்க் கேட்டேன். பேச்சியம்மாள் யோசிக்கக்கூட இல்லை.

"வெடிப் பாக்கெட்டுல தீத்தழும்பைப் போட்டா எவன் தாயி வாங்குவான்? மொதலாளிக்கு ஏவாரம் ஓடணும், எனக்கும் வேலை ஓடணும். இந்தப் பக்கமே இருக்கட்டும். இதுவும் எம் மூஞ்சிதான்." நூலை இழுத்துக் கட்டிக்கொண்டே தொடர்ந்தாள்: "ஆனா ஒண்ணு. நெறத்தை மட்டும் மாத்திராதீக. செல்விகிட்ட நான் ஒண்ணும் சொல்லப்போறதில்ல. தீவாளிக்கு பஜார்ல பாத்து அவளாக் கண்டுபிடிக்கணும். செவப்பாப் போட்டீகன்னா எம்புள்ளைக்கே நான் யாருன்னு தெரியாமப் போயிரும்."

பக்கத்திலிருந்த ஒருத்தி இடைமறித்தாள். "ஏ பேச்சி, தீவாளிக்கு மறுநா அம்புட்டுப் பேப்பரும் தெருவுலல்ல கெடக்கும்? உம்மூஞ்சியப் போறவன் வாறவன்லாம் மிதிப்பானே!"

"மிதிச்சிட்டுப் போறான். அதுக்குள்ள வெடிச்சு முடிச்சிருப்பான்ல? எனக்கு அது போதும்."

மாற்ற மாட்டேன் என்று வாக்குக் கொடுத்துவிட்டு வந்தேன். அது எவ்வளவு கஷ்டம் என்று அப்போது எனக்குத் தெரியாது.

அந்தக் காலத்தில் ஒரு படம் அச்சாவது எப்படி என்று இதைப் படிக்கிறவர்களுக்கு இரண்டு வரி சொல்ல வேண்டும். பெரிதாக வரைந்த படத்தைக் கேமரா முன்னால் வைத்து மஞ்சள், சிவப்பு, நீலம், கருப்பு என்று நாலு கலருக்கு நாலு பிலிம் எடுப்பார்கள். பிலிம் முழுக்கப் பொடிப் புள்ளிகள். புள்ளி பெரிதாக இருந்தால் மை அதிகம் விழும், சிறிதாக இருந்தால் குறைவு. நாலும் ஒன்றின் மேல் ஒன்றாக விழுந்தால்தான் படம். கேமரா எடுத்த புள்ளி அப்படியே சரியாக இருக்காது. கண்ணாடி மேசைக்கு அடியில் விளக்கைப் போட்டு, பிலிமை மேலே வைத்து, லென்ஸில் பார்த்துக்கொண்டே மருந்துத் தண்ணீரைப் பிரஷ்ஷால் தொட்டுத் தொட்டுப் புள்ளியைக் கரைக்க வேண்டும். போதும் என்று தோன்றுவதற்கு ஒரு நொடி முன்னால் பஞ்சால் ஒற்றி நல்ல தண்ணீர் விட்டுவிட வேண்டும். தோன்றிய பிறகு ஒற்றினால் புள்ளி போய்விட்டிருக்கும்.

ரோஸ் கலர் முகத்துக்கு இதில் சிரமமே கிடையாது. மஞ்சளும் சிவப்பும் லேசாக விழுந்தால் போதும், எந்த மெஷினிலும் வந்துவிடும். பேச்சியம்மாளின் முகம், சோதனைக்கு அடித்துப் பார்த்த முதல் புரூஃபில் ஒரு மைக்கறையாக வந்தது. மூக்கு எது, கன்னம் எது என்று தெரியவில்லை. இரண்டு கண் மட்டும் வெள்ளையாக முழித்தன. இதைப் பார்த்தால் செல்வி பயந்துபோவாள்.

மெஷின்மேன் பால்ராஜ் நல்ல மனிதர். "லேபிள் சைசுக்கு கருப்பு மூஞ்சி நிக்காது தாயி. ரெண்டு சுத்து வெளுத்து விடுங்க, முடிஞ்சு போச்சு" என்றார்.

மாஸ்டர் அந்தப் புரூஃபைச் சுவரில் சாய்த்து, வாசலுக்குப் போய் நின்றார். பிறகு, "வெயில்ல உக்காந்திருந்தாளே, அப்ப அவ கன்னத்துல எங்கயாவது கருப்பு இருந்துச்சாம்மா?" என்று கேட்டார்.

நினைத்துப் பார்த்தேன். மேட்டில் செம்பு மாதிரி இருந்தது. தாடைக்குக் கீழே ஊதா. காதோரத்தில் வேப்பிலையின் பச்சைகூட அடித்தது. கருப்பு மட்டும் இல்லை.

"இல்ல மாஸ்டர்."

"அப்ப அதை எதுக்குப் போடுதோம்?"

கருப்புப் பிலிமில் முகத்தில் இருந்த புள்ளி முழுவதையும் கரைத்து எடுக்கச் சொன்னார். புருவம், கண்மணி, தலைமுடி, மூக்குத்துவாரம், இதற்கு மட்டும் கருப்பு. மற்றதையெல்லாம் மூன்று கலரிலேயே கட்டினோம். மஞ்சளைக் கெட்டியாக அடியில் விட்டோம். அதன் மேல் சிவப்பைக் கன்னத்து மேட்டில் குறைத்து, பள்ளத்தில் ஏற்றினோம். நீலம்தான் உயிர். கொஞ்சம் கூடினாலும் சீக்காளி மாதிரி ஆகிவிடுவாள், குறைந்தால் செங்கல். மாஸ்டர் பிரஷ்ஷைத் தொடவில்லை. என் முதுகுக்குப் பின்னால் நின்றுகொண்டு, "இப்ப... இப்ப..." என்று மட்டும் சொல்வார். நான் ஒற்றுவேன். ஒரு பிலிம் கெட்டுப்போய்த் திரும்ப எடுத்தோம். மறுபடியும் கெட்டது. கேமரா அறைக்காரர் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டார். மாஸ்டர் அவரைத் தேடிப்போய் டீ வாங்கிக் கொடுத்து வந்தார்.

கடைசிப் புரூஃபை பால்ராஜ் அண்ணனே கையில் ஏந்திக்கொண்டு வந்தார். மேசையில் வைத்தார். பேச்சியம்மாள் அதில் உட்கார்ந்திருந்தாள். நல்ல கருப்பாக, கன்னத்தில் வெயிலோடு, விரல் நுனியில் திரியோடு.

முதலாளி வந்தார். எடுத்துப் பார்த்தார்.

"கருப்பா இருக்காளே மாஸ்டர்."

"ஆமா."

"பின்னே?"

மாஸ்டர் எங்கள் அலமாரியிலிருந்த மற்றக் கம்பெனி லேபிள்களை எல்லாம் எடுத்துச் சுவரோரமாக வரிசையாக நிறுத்தினார். நடுவில் இதை வைத்தார். முதலாளியை வாசல் வரை கூட்டிப்போய் நிற்கவைத்தார். "நீங்க வெடி வாங்க வந்த ஆளு. கடை அலமாரியைப் பாக்கீக. எது மொதல்ல கண்ணுல படுதுன்னு மட்டும் சொல்லுங்க அண்ணாச்சி."

சுவரோரம் முழுக்க ரோஸ் கலர் முகம். நடுவில் இவள் ஒருத்தி. முதலாளி வியாபாரி, புரிந்துகொண்டார். இருந்தாலும் மனசு முழுசாக ஒப்பவில்லை. "நம்ம பக்கத்துக்கு இதையே அடிங்க. வடக்க போற லோடுக்கு மட்டும் இவளையே செவப்பாக்கிருங்க. அங்க ஏஜெண்டு ஒத்துக்கிட மாட்டான்" என்று சொல்லிவிட்டுக் கிளம்பினார்.

எனக்கு அழுகை வந்துவிட்டது. வாக்குக் கொடுத்தது நான். அவளைச் சிவப்பாக்கப் போகிறதும் நானா? மாஸ்டரிடம் முடியாது என்றே சொல்லிவிட்டேன். அவரிடம் அப்படிச் சொன்னது அதுதான் முதல் தடவை.

அவர் கோபப்படவில்லை. ஸ்டூலை இழுத்துப் போட்டு என் எதிரில் உட்கார்ந்தார். "நெறத்தை மாத்துனா அது அவ இல்லைன்னு அவளே சொல்லிட்டா இல்லையா? அப்புறம் மூஞ்சி மட்டும் எதுக்கு அவ மூஞ்சியா இருக்கணும்? அதையும் மாத்திரு. வடக்க வேற யாராவது போகட்டும். பேச்சியம்மா இங்கனயே இருக்கட்டும்."

அப்படித்தான் செய்தேன். வடக்கே போன லேபிளில் எங்கள் பழைய காலண்டர்க்காரி, சின்ன மூக்கோடும் நீண்ட கண்ணோடும் உட்கார்ந்து சரம் பின்னினாள். முதலாளி அதையும் பார்த்தார், தலையாட்டினார். முகம் மாறியதை அவர் கவனித்தாரா, கவனித்தும் விட்டுவிட்டாரா, எனக்குத் தெரியாது.

தீபாவளி முடிந்து கொஞ்ச நாளில் பேச்சியம்மாள் அச்சகத்து வாசலுக்கே வந்து என்னைக் கூப்பிட்டனுப்பினாள். கையில் ஒரு தூக்குச்சட்டி நிறைய அதிரசம். முந்தானை தழும்பை மூடியிருந்ததா என்று நான் பார்க்கவில்லை. அவள் முகத்தைத்தான் பார்த்தேன்.

"லீவுக்கு வந்தவளைக் கூட்டிக்கிட்டு பஜாருக்குப் போனேன் தாயி. வெடிக்கடை முன்னால ஒண்ணுந்தெரியாத மாதிரி நின்னேன். அவ பாட்டுக்குப் போனவ டக்குனு நின்னுட்டா. அந்தப் பாக்கெட்டைப் பாக்கா, என்னையப் பாக்கா, பாக்கெட்டைப் பாக்கா. கடைக்காரன்கிட்ட, 'அண்ணே, எங்கம்மாவ ஒண்ணு குடுங்க'ங்கா!"

சொல்லிவிட்டு வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. அந்தப் பாக்கெட்டை மட்டும் செல்வி வெடிக்கவிடவில்லையாம். மருந்துச் சாமானை வீட்டில் வைத்துக்கொள்ளக்கூடாது என்று பேச்சியம்மாள் சத்தம் போட்டு, சரத்தைத் தெருப்பிள்ளைகளுக்குக் கொடுத்துவிட்டு, லேபிளை மட்டும் பிரித்து எடுத்துக்கொள்ள வைத்தாளாம்.

அடுத்த சீசனுக்கு வேறு ஒரு லேபிள் விஷயமாக அந்தக் கம்பெனிக்குப் போனேன். நான் வருவது எப்படியோ தெரிந்துவிட்டிருந்தது. மத்தியான மணி அடித்ததும் பேச்சியம்மாள் என்னை வேப்பமரத்தடிக்கு இழுத்துக்கொண்டு போனாள். அங்கே ஷெட்டுப் பெண்கள் எல்லாரும் கை கால் கழுவி, தலை சீவி, பூ வைத்துக்கொண்டு நின்றார்கள்.

"எங்களையும் வரைங்க அக்கா. பாக்கெட்டுல போட வேண்டாம். சும்மா, நாங்க வச்சுக்கிட."

பையில் வேஸ்ட் ஷீட்டு கொஞ்சம் இருந்தது. ஒரு பக்கம் அச்சாகி மறுபக்கம் வெள்ளையாக இருக்கிற காகிதம். அதில் வரைந்தேன். ஒருத்தி தன்னை டீச்சராக வரையச் சொன்னாள். கையில் சாக்பீஸ் கொடுத்தேன். ஒருத்தி ஜீப் ஓட்ட வேண்டும் என்றாள், ஓட்டினாள்.

கடைசியாக வந்தது சீனித்தாய். அவர்களில் மூத்தவள். என்னவாக வரையட்டும் என்று கேட்டதற்கு வெட்கப்பட்டாள். பிறகு மெதுவாகச் சொன்னாள். "ஒண்ணுமா வேண்டாம் தாயி. சும்மா உக்காந்திருக்க மாதிரி வரை. கையில ஒண்ணும் இல்லாம."

மரத்தில் சாய்ந்து உட்காரச் சொன்னேன். அவளுக்குக் கையை எங்கே வைப்பதென்றே தெரியவில்லை. மடியில் வைத்தாள், எடுத்தாள், சேலை நுனியைத் திரித்தாள். வேலைக்கு மணி அடித்தது. மற்றவர்கள் படத்தைச் சுருட்டி இடுப்பில் செருகிக்கொண்டு உள்ளே போனார்கள். கணக்கப்பிள்ளை எங்கள் பக்கம் பார்த்தார். பேச்சியம்மாள் அவரிடம் ஏதோ சொல்ல, அவர் வேறு பக்கம் திரும்பிக்கொண்டார். நான் திரும்பிப் பார்க்கும்போது சீனித்தாய் அப்படியே தூங்கிப்போயிருந்தாள். இரண்டு கையும் மடியில் விரிந்து, விரல்கள் லேசாக மடங்கிக் கிடந்தன. அவசரப்படாமல் வரைந்தேன்.

முழித்ததும் படத்தை வாங்கிப் பார்த்தாள். பிறகு தன் கைகளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"நல்லாத்தான் இருக்கு சும்மா இருக்கதும்" என்று சொல்லிவிட்டு எழுந்து, சேலையை உதறிக்கொண்டு, ஷெட்டுக்குள் போனாள்.